வெண்டைக்காயில் வந்த கடைசி அத்தியாயம்

வெயிலுக்கே வியர்த்து வடியுமாம் அந்த ஊரில். அப்படிப்பட்ட ஊரில், ஓட்டு வீடுகள் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கிற ஒரு வளவில், சத்தமே இல்லாத ஒருத்தி இருந்தாளாம். ம் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொண்டே வாருங்கள், நடந்தது நடந்தபடி வரும்.

அவள் பேர் செண்பகவல்லி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் உத்தியோகம். புருஷன் லாரி டிரைவர், தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் ரோடு எங்கே விடுகிறதோ அங்கேயிருந்து திரும்பி வருகிறவன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு முறை வரும்வரை நிற்பாள். வந்த முறையை வேறு யாராவது பிடித்துக்கொண்டால் அதற்கும் சேர்த்து நிற்பாள். வளவில் அவளுக்கு எதிரி இல்லை, அவள் குரல் எப்படி இருக்கும் என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஆளும் இல்லை. வாய்க்குள் வருகிற வார்த்தையைத் தொண்டைக்குள்ளேயே ஒரு தடவை திருப்பிப் பார்த்து, இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அங்கேயே மடித்து வைத்துவிடுகிற சுபாவம்.

அவளுக்கென்று இருந்தது, வரிசையில் கடைசியான அவள் வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர் வரைக்கும் கிடந்த கொஞ்சம் கரிசல் மண். அதில் கத்தரி வைத்திருந்தாள், வெண்டை வைத்திருந்தாள், மிளகாயும் கொத்தவரையும் வைத்திருந்தாள், சுவரில் கம்பி கட்டிப் பாகலையும் புடலையையும் ஏற்றி விட்டிருந்தாள். கோடை லீவு விட்டதும், காலையில் அரிசி கழுவின தண்ணீரையும் சாயங்காலம் குளித்த தண்ணீரையும் பாத்திக்குத் திருப்பிவிட்டு, நடுவில் இருக்கிற நெடும்பகலை முருங்கை மரத்து நிழலில் உட்கார்ந்து நாவல் படித்துக் கழிப்பாள். வருஷம் முழுக்க முட்டையும் பருப்பும் அளந்த கைக்கு அதுதான் சம்பளம்.

அந்த வருஷம் வெயில் ஏறுகிற நேரத்தில் வளவுக்காரர் உலகநாதன் அண்ணாச்சி வந்து தோட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். முன்பக்கத்து மாடி வீட்டில் இருக்கிறவர், வளவு முழுக்க அவர் சொத்து. கத்திரி வெயில் கழிந்ததும் இந்த இடத்தில் ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடப்போவதாகவும், அதுக்குள்ளே காய்ச்சதை எல்லாம் பறித்துக்கொள்ளும்படியும் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. கறாரான மனுஷர். குடியிருக்கிறவர்களிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினால்கூடப் பிறகு அவர்களிடம் நிமிர்ந்து பேச முடியாது என்பது அவர் கொள்கை, அதனால் வளவுக்குள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். செண்பகவல்லி தலையை ஆட்டி, சரி அண்ணாச்சி என்றாள். மாட்டேன் என்கிற சொல் தொண்டை வரை வந்து, வழக்கமான இடத்தில் போய் மடிந்து உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்துக்கு இதுதான் கடைசிக் காய்ப்பு என்று ஆனபிறகு, அவள் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினது. யாரோ ஒரு மகராசி வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்த தடிமனான நாவல். முதல் பக்கம் போய்விட்டதால் பேர் தெரியாது. ரொம்ப நாளாகப் படிக்காமல், தீர்ந்துபோகுமே என்று ஆசையாகப் பொத்தி வைத்திருந்தாள். சாகப்போகிற செடிகளுக்கு முன்னால் தான் மட்டும் ஒரு கதையை வாய்க்குள் போட்டுக்கொள்வது நன்றாக இல்லை என்று அவளுக்குப் பட்டது. அதனால் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, மெல்லிய குரலில், செடிகளுக்குக் கேட்கும்படி முதல் அத்தியாயத்தை வாசித்தாள்.

முதல் பறிப்பை வளவில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது வழக்கம். அப்படிப் போன கத்தரிக்காயை எதிர்வீட்டுப் பேச்சித்தாய் எண்ணெய்க் குழம்பு வைத்து, வீட்டோடு சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, தேவகுஞ்சரி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு அப்பா செத்துப்போனார், அப்பா கட்டின வீட்டின்மேல் சித்தப்பாவுக்குக் கண் இருக்கிறது என்பது பேச்சித்தாய்க்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. மழை பெய்திருப்பது மண்வாசத்தில் தெரிகிற மாதிரித் தெரிந்தது. மறுநாள் குழாயடியில் அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே, அந்தச் சித்தப்பன்காரன் முழியே சரியில்லை என்றாள். ஆமா மதினி, கருமாதி வீட்டில் வந்து பத்திரம் எங்கே இருக்குன்னு கேட்கிறானே என்றாள் அடுத்த வீட்டுக்காரி. அவளும் கத்தரிக்காய்தான் சாப்பிட்டிருந்தாள்.

ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்றா கேட்போம், குடம் எங்கே என்றுதான் கேட்போம். அவர்கள் கேட்டது, அடுத்து என்ன காய் என்பதுதான்.

இரண்டாவது அத்தியாயம் கொத்தவரையில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பையனுக்கு அவளைக் கேட்டு வந்த கல்யாணப் பேச்சு முழுக்கப் பாகற்காயில் வந்ததால், பாகல் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் எனக்கு இன்னொரு கரண்டி என்று தட்டை நீட்டின. மிளகாய்க்குச் சித்தப்பாவும் சித்தியும் போடுகிற சண்டையை வாசித்துவிட்டாள் செண்பகவல்லி. அந்த வாரம் வளவில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லாத வீடு எது, இருக்கிற வீடு எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரொம்ப வேகவைத்தால் கதை குழைந்துபோகும், யார் யாரிடம் சொன்னார்கள் என்பதே பிடிபடாது. அதனால் பெண்கள் பக்குவமாக இறக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டில் இருந்த டெய்லர் அல்போன்ஸ், ஒருநாள் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு அத்தியாயம் விட்டுப்போனதில் ரெண்டு நாளைக்கு மிஷினைத் தொடாமல் கிடந்தார். கடைசியில் பேச்சித்தாய்தான் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கொடுத்தாள். மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கு ஒருத்தி கொத்தவரை வத்தல் போட்டு அனுப்பினாள். அவன் அங்கேயிருந்து போனில், அம்மா அந்தப் பிள்ளையக் கையெழுத்து மட்டும் போட வேண்டாம்னு சொல்லும்மா என்று அழுதான். பாகற்கொடியின் தளிரை எட்டிக் கடித்த அல்போன்ஸின் ஆடு, அதற்குப் பிறகு சாயங்காலமானால் வளவு வாசலில் போய் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

செண்பகவல்லிக்கு இதிலெல்லாம் பேச வேண்டிய வேலையே இல்லாமல் இருந்தது. அவள் வாசித்தாள், பறித்தாள், கொடுத்தாள். ஆனால் முறத்தோடு அவள் வெளியே வரும்போது வளவே திரும்பிப் பார்த்தது. குழாயடியில் அவள் முறையை இப்போது யாரும் பிடிப்பதில்லை. முறை வராவிட்டாலும், நீ பிடி தாயி, செடிக்குத் தண்ணி ஊத்தணும்லா என்று விலகினார்கள். கத்திரி வெயில் உச்சிக்கு வந்து குழாய் நூலாக வடிந்தபோதும், சும்மா வாங்கின கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்று, காய் வாங்கிப்போன கிண்ணம் எல்லாம் அரிசி கழுவின தண்ணீரோடு அவள் வாசலுக்குத் திரும்பி வந்தன. ஊர் முழுக்கச் செடி கருகிக் கிடந்தபோது அவள் தோட்டம் மட்டும் கல்யாண வீடு மாதிரி நின்றது.

இப்படியே போய்த் தேவகுஞ்சரி கோர்ட்டு ஏறி, தோற்று, வீட்டுச் சாவியைச் சித்தப்பன் கையில் கொடுத்துவிட்டு, தகரப்பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனில் வந்து நின்றாள். மீதம் ஒரே ஒரு அத்தியாயம், அதுவும் ஒரே பக்கம். செண்பகவல்லி புடலங்கொடிக்குக் கீழே உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினாள். திருப்பின பக்கத்தின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை.

கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தது. பக்கத்தின் மறுபுறம் ஓரத்தில் 'நார்த்தங்காய் ஊறுகாய்: தேவையான பொருட்கள்' என்கிற வரி மட்டும் மிச்சம் இருந்தது. பைண்டு பண்ணின அந்த மகராசிக்கு, முடிவைவிட அன்றைக்கு ஊறுகாய்தான் அவசரமாக இருந்திருக்கிறது. செண்பகவல்லி என்ன செய்வாள், ஓட்டைக்கு மேலே இருந்த நாலு வரியையும், கீழே இருந்த 'முற்றும்' என்பதையும் வாசித்துவிட்டு எழுந்தாள்.

அந்தப் புடலங்காய் பார்க்க நீளமாக, பளபளப்பாகத்தான் காய்த்தது. அரிவாள்மணையில் வைத்தால் உள்ளே சதையும் இல்லை, விதையும் இல்லை, காற்று. வெறும் தோலைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் பிளாட்பாரம் தெரிந்தது, பெட்டியோடு நிற்கிற பிள்ளை தெரிந்தது, ரயில் ஊதுவது கேட்டது. அவ்வளவுதான். ரயில் ஊதிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு வளவில் எதுவும் முடியவில்லை. பேச்சித்தாய் இடுப்பில் குடத்தோடு நிலைப்படியில் நின்று, உள்ளே போகிறோமா வெளியே வருகிறோமா என்று தெரியாமல் தோள்பட்டை நோகிற வரைக்கும் நின்றாள். அல்போன்ஸ் தைத்த சட்டைகளுக்கு ஒரு கைதான் இருந்தது. கோலங்கள் பாதியில் நின்றன. தாலாட்டுகள் பாதியில் நின்றதால் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் கிடந்து சிணுங்கின. எல்லாக் காதுக்குள்ளும் ரயில் ஊதிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து உலகநாதன் அண்ணாச்சி தோட்டத்துச் சுவரோரம் செங்கல் கொண்டுவந்து இறக்கினார். இன்னும் காய்க்கிற தெம்பு வெண்டைக்கு மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஓய்ந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் செண்பகவல்லி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். அல்போன்ஸுக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பையனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். பேச்சித்தாய்க்குச் சித்தப்பன் கன்னத்தில் ஒரு அறை விழ வேண்டும், மற்றது எப்படிப் போனாலும் சரி. பட்டணம் போய்ப் பெரிய டாக்டராகட்டும் என்றாள் ஒருத்தி, போகிற வழியில் ரயில் கவிழட்டும் என்றான் ஒரு பொல்லாத பயல். ஆனால் யார் போய்ச் செடிகிட்டே சொன்னாலும் வெண்டைப்பூ வாய் திறக்கவில்லை. அது பழகின குரலுக்குத்தான் காத்திருந்தது.

"எம்மா, நீயே ஒரு முடிவச் சொல்லிருளா. இந்த ஊத்தல் என்னால தாங்க முடியல" என்றாள் பேச்சித்தாய்.

"எனக்கென்ன மதினி தெரியும். நான் இருக்கிறத வாசிக்கிறவ."

"இல்லாதத வாசி."

"அதெப்பிடி வாசிக்க?"

"இம்புட்டு நாளா நீ பேசுனதே இல்ல. எங்களுக்கு அதுவே கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பேச்சித்தாய் பாதியில் நின்ற தன் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

விடிகிற நேரம் செண்பகவல்லி புத்தகத்தோடு வெண்டைப் பாத்திக்கு வந்தாள். மஞ்சள் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, நாலு வரியை வாசித்து, ஓட்டைக்கு வந்தாள். ஓட்டை வழியாக அவள் தோட்டம் தெரிந்தது. சுவர் தெரிந்தது, கம்பியில் காய்ந்த பாகல் தெரிந்தது, அடுக்கின செங்கல் தெரிந்தது, நடுவில் ஈரமான கறுப்பு மண் தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இதுதான் இருந்தது, அவள் இருக்கிறதை வாசிக்கிறவள், அதனால் அதையே வாசித்தாள்.

தேவகுஞ்சரி ரயிலைப் பார்த்தாள் என்று வாசித்தாள். ரயில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று, அவள் ஏறவில்லை என்று வாசித்தாள். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்து, அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்கு வந்தாள், அங்கே இடிக்க வந்தவர்கள் நின்றார்கள், செடிகள் நின்றன, நடு மண்ணில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். வாசிக்க வாசிக்கச் செண்பகவல்லியின் குரல் அவளை அறியாமல் ஏறிக்கொண்டே போனது; இத்தனை வருஷம் தொண்டைக்குள் மடித்து மடித்து வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வந்த மாதிரி, ஓடுகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறக்கிற அளவுக்கு ஏறிப்போய், 'நான் போக மாட்டேன்' என்றாள் தேவகுஞ்சரி என்று முடித்தாள். பிறகு 'முற்றும்' என்று வாசித்தாள். வெண்டைப்பூக்கள் அத்தனையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டன.

காய் திரண்டு பறிக்கிற பதத்துக்கு வந்த அன்றைக்குத்தான் உலகநாதன் அண்ணாச்சி சுவருக்கு அஸ்திவார வாணம் தோண்ட ஆள் கூட்டிவந்தார். கொத்தனார் மாடசாமி முளையடித்து, நூல் கட்டி, நூலோடு சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டான். வேலை தொடங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டதால், சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடிக்கலாம் என்று ஆட்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். வளவில் வேலை பார்க்க வருகிறவர்கள் சோறு மட்டும்தான் கட்டிக்கொண்டு வருவார்கள், குழம்பு வீட்டுக்காரர்கள் ஊற்ற வேண்டும், அது எந்தக் காலத்திலிருந்தோ உள்ள ஏற்பாடு. அன்று காலையில் செண்பகவல்லி வீட்டுவீட்டுக்குப் போட்டது வெண்டைக்காய் என்பதால், அன்று எல்லா வீட்டிலும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்புதான்.

முதலில் வளவு சாப்பிட்டது. சாப்பிட்டுக் கை கழுவுகையில் எல்லாக் காதிலும் ரயில் ஓய்ந்தது. ஓய்ந்த அமைதியில் பேச்சித்தாய் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள், வந்து நடுவளவில் நின்று இடுப்பில் கையை வைத்துச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அறை விழாவிட்டாலும் இது அதைவிடப் பெரிய அறைதான் என்று அல்போன்ஸிடம் சொன்னாள். அல்போன்ஸ் ஒற்றைக் கைச் சட்டைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, வளவே அதிர மிஷினை மிதித்தார். வாசலில் நின்ற ஆடு திரும்பி உள்ளே வந்தது.

பிறகு ஆட்கள் சாப்பிட்டார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்த மாடசாமி மண்வெட்டியைத் தூக்கினான், தூக்கினபடியே நின்றான். கோட்டுக்கு உள்ளே, நடு மண்ணில், தகரப்பெட்டியின்மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த சித்தாள் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடே, நோட்டம் பாக்கிய?" என்றார் உலகநாதன்.

"ஆளு இருக்கு அண்ணாச்சி" என்றான் மாடசாமி.

"எங்க இருக்கு?"

"இந்தா, நடுவுல. உக்காந்திருக்கிற பிள்ளை காலடியில எப்பிடி மம்பட்டி போட? நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

அண்ணாச்சி பார்த்தார். அவர் கண்ணுக்கு மண்தான் தெரிந்தது. அதட்டிப் பார்த்தார், நயமாகச் சொல்லிப் பார்த்தார். மாடசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டி இருந்த இடத்தைச் சுற்றி வளைந்து நடந்து, அந்தப் பிள்ளையிடம் வாரேன் தாயி என்று சொல்லிவிட்டுப் போனான். சித்தாள் பெண் போனாள். மண் அள்ள வந்தவர்கள் போனார்கள். வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் வெயில் பொறுக்காமல் ஒவ்வொன்றாக ஓடிப்போயின. பேச்சித்தாய், எனக்கு அடுப்புல பால் கிடக்கு என்று, கிடக்காத பாலைச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். செண்பகவல்லி மட்டும் வெண்டைப் பாத்தி ஓரத்தில், முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உலகநாதன் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பக்கத்தில் நின்ற செடியில் ஒரு வெண்டைக்காயைப் பிடித்து, சந்தையில் பிஞ்சா முத்தலா என்று பார்க்கிற பழக்கத்தில் நுனியை ஒடித்தார். டப்பென்று ஒடிந்தது. ஒடிந்ததைப் பல்லில் வைத்துக் கடித்தார். கை செய்த காரியம் கொள்கைக்குத் தெரிய வருவதற்குள் விழுங்கியும் ஆயிற்று.

மிச்சக் காயைக் கையில் பிடித்தபடி நடு மண்ணைப் பார்த்தார். வெயில் அவர் வழுக்கையில் மினுங்கியது. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செண்பகம், யாரு இந்தப் பிள்ளை?"

"தேவகுஞ்சரி."

"எந்திரிக்கச் சொல்லு."

"எந்திரிக்க மாட்டா அண்ணாச்சி."

"ஏன் மாட்டா? அவளுக்கு என்ன வந்துச்சு? முகத்தப் பாத்தா அழுது முடிச்ச மாதிரி இருக்கு. யார் என்ன பண்ணுனா அவள?"

"நீங்க கடிச்சது கடைசி அத்தியாயம். மத்தது தெரியணும்னா முதல்லருந்து சாப்பிடணும்."

"சரி, முதல் அத்தியாயத்தக் குடு."

"எல்லாம் வளவே தின்னு தீத்தாச்சு" என்றாள் செண்பகவல்லி. அவள் குரல் மிஷின் சத்தத்தைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, வளவு வாசலைத் தாண்டிக் கேட்டது. வீடுகளுக்குள் கரண்டிகள் நின்றன. "மழை விழவும் கத்தரி விதைப்பேன். அது காய்க்கிறப்ப முதல் அத்தியாயம் வரும். இதே மண்ணுலதான் விதைப்பேன். நான் போக மாட்டேன் அண்ணாச்சி."

அவர் செண்பகவல்லியைப் பார்த்தார், பெட்டிமேல் இருந்தவளைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். காய்க்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். செடி நினைக்கணும் என்றாள் அவள். காயை மாடி வீட்டுக்கும் அனுப்புவியா என்று கேட்டார். முதல் பறிப்பு எல்லா வீட்டுக்கும் உண்டு என்றாள்.

உலகநாதன் அண்ணாச்சி குனிந்து ஒரு முளையைப் பிடுங்கினார். நூலை விரலில் சுற்றிக்கொண்டே அடுத்த முளைக்குப் போனார், அதையும் பிடுங்கினார். நூல் முழுக்க உருண்டையானதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகரப்பெட்டியைச் சுற்றி வருகையில், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டுக்கொண்டு, செடிகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நடந்து போனார்.